இருபத்தொன்பது ரூபாயில் ஒரு நாணயத் தொகுப்பு

நாணயம் சேகரிப்பது காசுள்ளவர்கள் வேலை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மைதான். ஒரு வரிசையில் வந்த அத்தனை ஆண்டும் வேண்டும், அத்தனை ஊர்ச் சாலையில் அடித்ததும் வேண்டும் என்று கிளம்பினால், எங்காவது ஒரு நாணயம் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாயைச் சேகரிப்பவர்களுக்கு அப்படி நிற்பது 1911. அந்த ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று மக்கள் முகம் சுளித்தார்கள். சுமார் 94 லட்சம் ரூபாய்கள் அடிக்கப்பட்டிருந்தன. வெளியே போனது சுமார் 7 லட்சம்தான். மீதியை உருக்கிவிட்டு, யானையின் தும்பிக்கையைத் தெளிவாக வரைந்து 1912-ல் புது ரூபாய் விட்டார்கள். அந்தப் ‘பன்றி ரூபாய்’ இல்லாமல் ஐந்தாம் ஜார்ஜ் வரிசை முழுமை பெறாது. வாங்கினால் பர்ஸ் காலி!

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. அது நன்றாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே அதற்கு ‘ஷார்ட் செட்’ என்று பெயர். தமிழில் குறுந்தொகுப்பு என்று சொல்லலாம். முழு வரிசையையும் விரட்டாமல், நடுவிலோ கடைசியிலோ ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அதை நிறைவு செய்வதுதான் குறுந்தொகுப்பு.

அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு வழிபோட்டது ஒரு அட்டை. 1930-களில் அந்த நாடு பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. வேலை இல்லை, கையில் பணம் இல்லை. அப்போது விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. கே. போஸ்ட் என்பவர் ஓர் அட்டையில் வரிசையாக வட்ட ஓட்டைகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டை அச்சடித்து விற்றார். லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசை அந்த ஓட்டையில் அழுத்தி வைக்கலாம். பிறகு அதை விட்மன் என்ற பதிப்பகம் எடுத்துக்கொண்டு, மடிக்கக்கூடிய நீல அட்டைகளாக நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதுவரை பணக்காரர்களும் பேராசிரியர்களும் செய்துவந்த காரியத்தை, கடைக்குப் போய்வந்த மிச்சக் காசை வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் அட்டையில் சில ஓட்டைகள் நிரம்பவே நிரம்பாது. 1909-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்து, வடித்தவரின் முதலெழுத்துகள் மூன்றும் பொறித்த ஒரு சென்ட் மொத்தமே 4,84,000. 1916-ல் டென்வரில் அடித்த பத்து சென்ட் 2,64,000. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது சோற்றில் உப்பு அளவு. ஆக, பலர் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1916 முதல் 1947 வரை வந்த ‘நடக்கும் சுதந்திர தேவி’ அரை டாலரில் 1941 முதல் 1947 வரை மட்டும், மொத்தம் 20 நாணயங்கள். பத்து சென்ட்டில் 1941 முதல் 1945 வரை மட்டும், 15 நாணயங்கள். போர்க்காலத்தில் ஏராளமாக அடித்தவை என்பதால் விலை கைக்கு அடக்கம். வரிசை அறுபடாமலும் இருக்கும், ஓட்டையும் காலியாக இருக்காது.

இதை ‘ஏழைக்கேற்ற எள்ளுருண்டை’ என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் குறுந்தொகுப்பின் உயிரே இருக்கிறது. நல்ல இடத்தில் வெட்டினால் அங்கே ஒரு வரலாறு வெளியே தெரியும்.

இதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் உண்டு. ஆறாம் ஜார்ஜின் ரூபாயில் 1938-ம் 1939-ம் நல்ல வெள்ளி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அதில் பம்பாயில் அடித்த 1939 ரூபாய் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதை ஒதுக்கிவிட்டு 1940 முதல் 1945 வரை எடுத்தால் ஆறு ஆண்டு, ஆறு ரூபாய். இந்த வெட்டு சும்மா வந்ததல்ல. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்க ஆரம்பித்தார்கள். அரசு 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் 5 பங்கு வீதம். கள்ள நாணயம் அடிப்பவர்களைத் தடுக்க விளிம்பில் ஒரு பள்ளக்கோடும் போட்டார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல், பின்பக்கம் ஒரு புலி. ஆக 1940–45 என்பது வெள்ளி ரூபாய் சாகக் கிடந்த காலம்.

அந்த ஆறு ரூபாய்க்கும் அமெரிக்காவுக்கும் ஓர் உறவும் உண்டு. போர்க்காலத்தில் நாணயம் அடிக்க வெள்ளி போதாமல் இந்தியா அமெரிக்காவிடம் கடன் வாங்கியது. பணமாக அல்ல, வெள்ளியாகவே! சுமார் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ். போர் முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. திருப்பித் தரும் காலம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு போய்விட்டது, நாடு இரண்டாகிவிட்டது, கடனும் இந்தியா, பாகிஸ்தான் என்று பங்கு பிரிந்தது. இந்தியா செய்தது இதுதான்: புழக்கத்திலிருந்த அந்தப் பாதி வெள்ளி நாணயங்களைத் திரும்பப் பெற்று, கல்கத்தா அலிப்பூரில் அதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டி, உருக்கி, வெள்ளியைப் பிரித்து எடுத்து, 1950-களில் கடனை அடைத்தது. இன்று யாராவது பாட்டியின் டிரங்குப் பெட்டியில் 1944 ரூபாய் ஒன்று இருந்தால், அது அந்த உலைக்குத் தப்பிய காசு.

சரி, இதெல்லாம் வெள்ளி. இன்று சம்பளம் வாங்கும் ஓர் ஆள், வெள்ளியும் வேண்டாம், கடையும் வேண்டாம், கைக்கு வந்த சில்லறையிலிருந்தே ஒரு குறுந்தொகுப்பு கட்ட முடியுமா? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தொடங்கினால் முடியும்.

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரக் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு பொதுமக்களும் காவலர்களுமாக இன்னும் பலர் செத்துப்போனார்கள். அதே 1991 தேதியிட்டு அவர் முகம் போட்ட ஒரு ரூபாய் நினைவு நாணயம் வந்தது. செம்பு-நிக்கல் கலவை, கையில் எடுத்தால் கனம் தெரியும் பழைய பெரிய ரூபாய். அதில் ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரை நினைக்காமல் அந்த ரூபாயைப் பார்க்க முடியாது. 1017-ல் இராமானுஜர் பிறந்த தலம் என்று மட்டும் பேர்பெற்றிருந்த ஊர், ஒரே இரவில் உலகச் செய்தியானது. அங்கே நினைவிடம் திறந்தது 2003-ல்.

ராஜீவ் தமிழர் இல்லையே, தமிழ்நாட்டுத் தொகுப்பில் அவர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொகுப்பின் எல்லையைச் சேகரிப்பவர்தான் போடுகிறார். தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்று எல்லை போட்டால் அவர் இல்லை. தமிழ்நாட்டில் நடந்தவை என்று போட்டால் முதல் ஆளே அவர்தான். இரண்டாவது எல்லைதான் நல்லது. மனிதர்களை மட்டும் வைத்தால் அது தலைவர்கள் படம் ஒட்டிய சுவர் மாதிரி ஆகிவிடும்.

அடுத்து வருவது 1995. அந்த ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதற்கு மத்திய அரசு திருவள்ளுவர் உருவம் போட்டு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று மூன்று நாணயம் விட்டது. மூன்றிலும் அதே வள்ளுவர், ஆனால் நாணயம் வேறு வேறு. ஒரு ரூபாய் எஃகு. இரண்டு ரூபாய் பதினொரு பக்கம் கொண்டது. ஐந்து ரூபாய் குண்டாக ஒன்பது கிராம். 1991-ல் இருந்த பெரிய ஒரு ரூபாய் நான்கே ஆண்டில் மெலிந்து எஃகாகிவிட்டதை ராஜீவ் காசையும் வள்ளுவர் காசையும் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம். விலைவாசி பற்றி பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இது சுலபம்.

ஒரு வேடிக்கை. தமிழ் மாநாட்டுக்கு வந்த நாணயத்தில் எழுத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும்! நாணயத்தில் தமிழ் இருந்த காலம் ஒன்று உண்டு. 1808 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த வெள்ளிப் பூவராகன்களில் ஒருபக்கம் கோயில் கோபுரம், எழுத்து ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு. சென்னையில் இன்றும் தங்கசாலை என்று தெருப் பெயர் இருப்பது அங்கே நாணயச்சாலை இருந்ததால்தான். 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே மாதிரி ரூபாய் என்றானதும் தமிழ் போனது, 1869-ல் சென்னை நாணயச்சாலையும் மூடப்பட்டது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஓரணாக் காசில் இந்தி, உருது, வங்காளம், தெலுங்கு நான்கும் இடம் பிடித்தன. தமிழ் இல்லை.

வள்ளுவருக்குப் பிறகு காமராஜர். 1903-ல் பிறந்தவர், நூற்றாண்டுக்கு 2003 தேதியிட்ட ஐந்து ரூபாய். இதுவும் அந்தக் குண்டு ஐந்து ரூபாய்தான். இந்தக் குண்டு ஐந்து ரூபாய் பிறகு வம்பில் மாட்டிக்கொண்டது. செம்பு, நிக்கல் விலை ஏறியதும் காசின் மதிப்பைவிட உலோகத்தின் மதிப்பு முக்கியமாகிவிட்டது. இந்தியக் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று 2007-ல் செய்திகள் வந்தன. அதே 2007-ல் ஐந்து ரூபாய் எஃகுக்கு மாறியது. 2009-ல் மறுபடி மாறி நிக்கல் பித்தளையானது. இன்று கையில் புழங்கும் மஞ்சள் ஐந்து ரூபாய் அதுதான்.

அந்த மஞ்சளில் வந்தவை மூன்று. 2009-ல் அறிஞர் அண்ணா நூற்றாண்டு, 2010-ல் பசுமைப் புரட்சியின் அமைச்சர் சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு, அதே 2010-ல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு. மூன்றும் ஐந்து ரூபாய். அண்ணா நாணயத்தில் அவர் முகத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் இருக்கிறது. மாநாட்டு நாணயத்தில் வராத தமிழ் எழுத்து ஒரு மனிதரின் கையெழுத்தாக உள்ளே வந்தது. எட்டில் ஒன்றுதான் பிடிக்கும் என்றால் இதைத்தான் எடுக்கவேண்டும். சி. சுப்பிரமணியத்தைப் பலருக்கு முகம் தெரியாது. கல்லூரி மாணவரிடம் காட்டினால் யார் இவர் என்றுதான் கேட்பார். ரேஷன் கடையில் அரிசி வாங்கிய குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முகம் அது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ராஜீவ் 1, வள்ளுவர் 1 + 2 + 5, காமராஜர் 5, அண்ணா 5, சுப்பிரமணியம் 5, பெரிய கோயில் 5. எட்டு நாணயம், முகமதிப்பு 29 ரூபாய். புதுச்சேரியைச் சேர்த்துக்கொள்வேன் என்பவர்கள் 1998-ல் வந்த ஸ்ரீ அரவிந்தர் இரண்டு ரூபாயையும் வைத்து 31 ஆக்கலாம். சண்டை இல்லை. ஆனால் 1964-ல் நேருவுக்காக வந்ததிலிருந்து இந்திய நினைவு நாணயம் அத்தனையும் வேண்டும் என்று போனால், வெள்ளிப் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

இந்த எட்டு நாணயத்தின் காலமும் ஸ்ரீபெரும்புதூர் வயற்காடுகள் தொழிற்சாலையான காலமும் ஒன்றுதான். வள்ளுவர் நாணயம் வந்த மறுவருடம் ஹூண்டாய் ஒப்பந்தம், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளிவந்தது. காமராஜர் நாணயத்துக்கும் அண்ணா நாணயத்துக்கும் நடுவில், 2006-ல், நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது (2014-ல் மூடியும் விட்டது). பெரிய கோயில் நாணயம் வந்த 2010-ல்தான் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை. 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும், பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டுத் தொழிலாளர்களும் வந்து தங்கும் இடம் இது. எல்லா ஊர்ச் சில்லறையும் கலக்கும் இடமும்கூட. ஆண்டுக்குக் கீழே பார்த்தால் எங்கே அடித்தது என்று தெரியும். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. சுங்குவார்சத்திரத்து டீக்கடைக் கல்லாவில் நான்கும் கிடைக்கலாம்.

அந்தக் கல்லாவே சில ஆண்டு ஒரு நாணயத்தை விரட்டியது. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு புரளி கிளம்பி, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கடைக்காரர்களும் நடத்துநர்களும் அதை வாங்க மறுத்தார்கள். வெவ்வேறு வடிவம் இருப்பதால் ஒன்று கள்ளக்காசு என்று சந்தேகம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை 14 வடிவம் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிவித்தது. சேகரிப்பவருக்கு இது அல்வா! யாரும் வேண்டாம் என்ற காசில் 140 ரூபாய்க்கு இன்னொரு குறுந்தொகுப்பு.

எதிர்ப்பக்கமும் ஒரு புரளி உண்டு. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் இருந்தால் லட்சம் லட்சமாகக் கிடைக்கும் என்று செல்போனில் வரும் செய்தி. ‘வாங்க ஆள் இருக்கிறது, முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்பார்கள். கட்டியதும் ஆள் காணாமல் போவார். ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இந்த மோசடி நடந்ததால், அப்படி எந்தக் கட்டணமும் நாங்கள் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. சாதாரணச் சில்லறைக் காசுக்கு லட்சம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். அதேபோல், கிடைத்த காசைப் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

தொகுப்பை ஏன் 2010-ல் வெட்டவேண்டும்? அதன்பிறகும் தமிழ்நாட்டுக்கு நாணயம் வராமல் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, எம்.ஜி.ஆருக்கு, 2024 ஆகஸ்டில் கலைஞருக்கு நூறு ரூபாய் நாணயங்கள். கலைஞர் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே இருக்கிறது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் நாணயம். ஆனால் நூறு ரூபாய் நாணயம் எதுவும் பஸ்ஸில் மிச்சக் காசாக வந்ததில்லை, வரவும் வராது. நாணயச்சாலைக்குப் பணம் கட்டி, பெட்டியில் வாங்கி, பெட்டியிலேயே வைப்பவை அவை. பெரிய கோயிலுக்கே 2010-ல் இரண்டு நாணயம் வந்தது. ஒன்று கடையில் புழங்கிய ஐந்து ரூபாய், மற்றொன்று வெள்ளியில் செய்த ஆயிரம் ரூபாய். கோடு விழுவது சரியாக அந்த இரண்டு நாணயங்களுக்கும் நடுவில்.

இந்த எட்டில் மஞ்சள் ஐந்து ரூபாய்கள் மூன்றும் கவனமாகப் பார்த்தால் இன்னும் சில்லறையில் சிக்கும். காமராஜரும் ஐந்து ரூபாய் வள்ளுவரும் அபூர்வமாகிக்கொண்டு வருகிறார்கள். குண்டுக் காசு வங்கிக்குப் போனால் திரும்புவது குறைவு. டீக்கடையிலும் சேர் ஆட்டோவிலும் ஐந்து ரூபாயைக்கூட செல்போனில் அனுப்பிவிடும் காலம் என்பதால், காசு கைமாறுவதே குறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விடக் கடினம் அந்த முதல் ஒரு ரூபாய். செல்லும் காசுதான், சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆனால் ராஜீவ் நாணயத்தைச் சில்லறையில் பார்த்தவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக் கடைகளில் ஒருநாள் முழுக்கச் சில்லறை மாற்றினாலும் அது வருவது சந்தேகம்தான். உண்டியலிலோ, அம்மாவின் கடுகு டப்பாவிலோ தேடினால் ஒருவேளை கிடைக்கும்.